கம்பி ஏன் அறுந்தது?

(பத்தாம் வகுப்பு மாணவி)

இசை இறைவன் தந்த கொடை என்பர் பெரியோர். அக்கொடையைக் காப்பாற்றச் சில வேளைகளில் ஒரு துண்டு உப்புத்தாளும் ஒரு முழம் பட்டு இழையும் வேண்டியிருக்கின்றன என்பதைச் சென்ற கல்வியாண்டில் நாங்கள் கற்றுக்கொண்டோம். அதனுடன் வேறொன்றையும் கற்றுக்கொண்டோம். அதைக் கட்டுரையின் இறுதியில் கூறுவோம்.

எங்கள் பள்ளிப் பாடற்குழுவில் ஆர்மோனியம், தபேலா ஆகியவற்றோடு மின் கிதார் ஒன்றும் உண்டு. "கோவிலில் கிதாரா?" என்று வியக்கும் பாட்டிமார் இன்றும் உள்ளனர். 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. வழிபாட்டில் தாய்மொழிக்கு வழி திறந்த அதே ஏடு, குழல் ஆர்கனுக்கு உயர்ந்த இடம் தந்ததோடு, பொருத்தமான பிற இசைக் கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவுடன் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. ஆகவே பாட்டிமார் கவலைப்பட வேண்டியதில்லை!

எங்கள் கிதார் புதியதன்று. நன்கொடையாளர் ஒருவர் தாம் பல ஆண்டுகள் வாசித்ததைப் பள்ளிக்கு அளித்தார். பாடற்குழுவில் அதை வாசிக்கத் தெரிந்தவள் எங்கள் தோழி ஒருத்தி மட்டுமே. நவம்பர் 22ஆம் நாள் இசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள். அதற்காக அக்டோபர் மாதத்திலேயே பயிற்சியைத் தொடங்கினோம்.

பயிற்சியின் முதல் வாரத்தில் கிதாரின் முதற்கம்பி 'டிங்' என்று அறுந்தது. புதுக்கம்பி மாட்டினோம். பத்து நாளில் அதுவும் அறுந்தது. மூன்றாவது கம்பி ஒரு வாரங்கூடத் தாங்கவில்லை. போளூரில் கிதார்க் கம்பி கிடைப்பதில்லை. யாராவது வேலூருக்குப் போகும்போது சொல்லி அனுப்ப வேண்டும். பாடற்குழு உண்டியலில் நாங்கள் சேர்த்திருந்த பணம் கரைந்தது. பணம் கரையக் கரையப் பேச்சும் வளர்ந்தது. "அவள் கை முரட்டுக் கை", "கம்பியை அப்படி இழுத்தால் அறுந்து போகாமல் என்ன செய்யும்?" என்று எங்களுள் பலர் கூறினோம். அவள் எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் முதல் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

நாங்கள் தளரவில்லை. "மெல்லிய கம்பிதானே அறுகிறது, அதைவிடத் தடித்த கம்பியை மாட்டுவோம்" என்று முடிவு செய்தோம். கை மிக மென்மையான ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கிதாரைக் கொடுத்து, வாசிக்கக் கற்றுக்கொள்ளச் சொன்னோம். எட்டாம் நாள் அந்தத் தடித்த கம்பியும் அறுந்தது. அன்று பாடற்குழு அறையில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நெசவாளர் சொன்ன சொல்

எங்கள் ஊர்ப் பக்கம் ஆரணிப் பட்டு நெசவுக்குப் பேர் பெற்றது. எங்களுள் ஒருத்தியின் வீட்டில் தறி உண்டு. அன்று மாலை அவள் வீட்டில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, குழித்தறியில் அமர்ந்திருந்த அவளுடைய தந்தை, நாடாவைக் கீழே வைக்காமலேயே கேட்டார்:

"கம்பி எந்த இடத்துல அறுந்துச்சு?"

எங்களுக்கு விடை தெரியவில்லை. அறுந்தது என்று மட்டுமே தெரியும். எங்கே அறுந்தது என்று எவரும் பார்க்கவில்லை.

"பாவுல ஓர் இழை ஒரு தடவை அறுந்தா நூல் மேல குறை சொல்லலாம், பாப்பா. ஒரே இழை ஒரே இடத்துல திரும்பத் திரும்ப அறுந்தா, நூலையும் திட்டக் கூடாது, நெய்யறவனையும் திட்டக் கூடாது. அச்சைப் பார்க்கணும்" என்றார் அவர்.

தறியைப் பார்த்திராத வாசகருக்கு இதைச் சற்று விளக்குவோம். சேலையின் நீளவாக்கில் ஓடும் ஆயிரக்கணக்கான இழைகளே பாவு. குறுக்கே நாடா கொண்டு செல்லும் இழை ஊடை. பாவு இழைகள் சீப்புப் போன்ற அச்சின் பற்களுக்கு இடையே புகுந்து வருகின்றன. ஒவ்வொரு முறை ஊடை ஓடியதும் நெசவாளர் அச்சை இழுத்து அடிக்கிறார். ஒரு பல்லில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தாலும் போதும். அதன் வழியே செல்லும் இழை ஒவ்வொரு அடிக்கும் அங்கே உராய்கிறது. பக்கத்து இழைகள் எல்லாம் நன்றாக இருக்க, அந்த ஓர் இழை மட்டும் அறுந்துகொண்டே இருக்கும். எவ்வளவு நல்ல பட்டை வாங்கிப் போட்டாலும் பயனில்லை.

எங்கே அறுந்தது?

மறுநாள் நாங்கள் நால்வர் அத்தோழியின் வீட்டிற்குச் சென்றோம். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னோம். அவள் எழுந்து சென்று தன் ஜியாமெட்ரி பெட்டியை எடுத்து வந்து திறந்தாள். அதில் அறுந்த மூன்று கம்பிகளும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. "கணக்குக் கேட்டால் காட்ட வேண்டுமே என்று வைத்திருந்தேன்" என்றாள். அதைக் கேட்டபோது எங்களுக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

கிதார்க் கம்பியின் ஒரு முனையில் சிறிய பித்தளை மணி ஒன்று கோக்கப்பட்டிருக்கும். அந்த மணி கிதாரின் அடிப்பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். கம்பி அங்கிருந்து 'பிரிட்ஜ்' என்னும் பாலத்தின் மேல் ஏறி, கழுத்தின் வழியே ஓடி, தலைப்பக்கத்து முறுக்காணியில் சுற்றப்படும். வீணையில் இப்பாலத்தைக் குதிரை என்றும், முறுக்காணியைப் பிரடை என்றும் சொல்வர். ஆகவே, மணியுள்ள துண்டின் நீளத்தை அளந்தால் கம்பி எங்கே அறுந்தது என்று கூறிவிடலாம்.

அவளுடைய மூன்று துண்டுகளையும், நாங்கள் கொண்டு சென்ற தடித்த கம்பியின் துண்டையும் மேசையில் அருகருகே வைத்தோம். நான்கும் ஒரே நீளம்! நான்கும் பாலத்தின் மேல், ஒரே புள்ளியில் அறுந்திருந்தன. வாசித்தவர் இருவர், கம்பியின் தடிமன் இருவகை, அறுந்த இடம் ஒன்றே. அப்படியானால் குற்றம் கையிலும் இல்லை, கம்பியிலும் இல்லை.

கம்பியின் இயல்பு

கிதாரை ஆராயுமுன், கம்பியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

நம் முன்னோர் யாழின் தந்தியை 'நரம்பு' என்றனர். சீன நாட்டின் குச்சின் என்னும் பழம்பெரும் கருவிக்குப் பட்டு நூலையே தந்தியாகக் கட்டினர். சாதாரணக் கிதாரின் தாழ்ந்த தந்திகளும் ஒரு காலத்தில் பட்டு இழைக் கற்றையின் மேல் உலோகக் கம்பி சுற்றிச் செய்யப்பட்டவையே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் அந்த இடத்தைப் பிடித்தது. பட்டு நெய்யும் ஊரில் வாழும் நமக்கு இது பெருமை தரும் செய்தியன்றோ?

ஆனால் மின் கிதாருக்குப் பட்டும் ஆகாது, நைலானும் ஆகாது. அதன் உடலில், கம்பிகளுக்கு அடியில், 'பிக்கப்' என்னும் உறுப்பு இருக்கிறது. அது ஒரு காந்தத்தைச் சுற்றி மிக மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிச் செய்யப்பட்டது. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. மாறும் காந்தப் புலம் சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்ததை நாம் பாடத்தில் படிக்கிறோம். அந்தச் சிறு மின்சாரமே ஒலிபெருக்கியில் இசையாக வெளிவருகிறது. காந்தம் ஈர்க்காத பொருளால் கம்பி செய்தால் இந்தப் பிக்கப்புக்கு ஒன்றும் கேட்காது. ஆகவே எஃகு இன்றியமையாதது.

எஃகுக் கம்பி எவ்வளவு பளு தாங்குகிறது? இதற்கு விடை காண உதவியவர் ஒரு துறவி. பிரான்சு நாட்டில் மினிம் சபையைச் சேர்ந்த மரேன் மெர்சென் என்பவர், தந்திகளின் அதிர்வைப் பற்றிய விதிகளை 1636ஆம் ஆண்டு வெளிவந்த தமது இசை நூலில் எழுதினார். அவ்விதிகள் மூன்று. கம்பியின் நீளம் கூடினால் சுருதி தாழும். கம்பியின் கனம் கூடினாலும் சுருதி தாழும். இழுவிசை கூடினால் சுருதி உயரும். ஆனால் சுருதி இரண்டு மடங்காக வேண்டுமானால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும்.

கிதாரின் முதற்கம்பி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 330 முறை அதிர வேண்டும். பொதுவாக வழங்கும் 10 கேஜ் கம்பியின் தடிமன் ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, அதாவது கால் மில்லிமீட்டர். பலவகை மின் கிதார்களில் பாலத்திற்கும் கழுத்தின் மேல்முனைக்கும் இடையே 25½ அங்குலம் இருக்கும். இந்த நீளத்தில் அந்தச் சுருதியைப் பெற, அக்கம்பியை 7 கிலோவுக்குச் சற்று அதிகமான விசையால் இழுத்துக் கட்ட வேண்டும். ஆறு கம்பிகளும் சேர்ந்து கிதாரின் கழுத்தை இழுக்கும் விசை 45 கிலோவுக்கும் மேல். இது எங்கள் வகுப்பில் பலருடைய எடையைவிடக் கூடுதல்! நல்ல எஃகில் செய்த அந்த முதற்கம்பி ஏறத்தாழ 13 கிலோ வரை தாங்கும். ஆகவே, சரியாகச் சுருதி கூட்டிய நல்ல கம்பி, தாங்கக் கூடியதில் பாதியளவு பளுவோடுதான் இருக்கிறது. தானாக அறுவதற்குக் காரணமே இல்லை.

இனி, தடித்த கம்பி மாட்டியும் ஏன் பயனில்லை என்று பார்ப்போம். 11 கேஜ் கம்பியின் குறுக்குப் பரப்பு 10 கேஜைவிட 21 விழுக்காடு அதிகம். ஆகவே 21 விழுக்காடு கூடுதல் பளுவைத் தாங்கும். ஆனால் அதன் கனமும் 21 விழுக்காடு கூடிவிடுகிறது. கனம் கூடினால் அதே சுருதிக்கு 21 விழுக்காடு கூடுதலாக இழுக்க வேண்டும். வலிமை கூடிய அளவு சுமையும் கூடியது. மிச்சம் ஒன்றும் இல்லை! அது மட்டுமன்று, தடித்த கம்பி பாலத்தின் விளிம்பில் மடங்கும்போது, மெல்லிய கம்பியைவிட அதிகமாக வருந்துகிறது. நாங்கள் செலவழித்த பணத்திற்கு ஒரு கணக்கு முன்பே போட்டிருந்தால் அப்பணம் மிஞ்சியிருக்கும்.

சுருதி சரிதானா என்றும் சோதித்தோம். சுருதி தவறுவதும் கம்பி அறுவதற்கு ஒரு பெரிய காரணமே. ஆர்மோனியத்தின் கட்டைக்கு ஏற்றவாறு இரண்டு அரைச்சுரம் உயர்த்திக் கட்டினால் இழுவிசை 26 விழுக்காடு கூடும். ஐந்து அரைச்சுரம் உயர்த்தினால் முதற்கம்பி அறுபடும் எல்லைக்கே வந்துவிடும். கைப்பேசியில் உள்ள சுருதிச் செயலிகள் சில, சுரத்தின் பெயரை மட்டும் காட்டும். எந்த ஸ்தாயி என்று காட்டா. பெயர் சரியாக வரும்வரை முறுக்கிக்கொண்டே போகும் புதியவர், ஒரு ஸ்தாயி மேலே சென்றுவிட முயல்வார். நான்கு மடங்கு இழுவிசைக்கு எந்தக் கம்பியும் தாங்காது. பாட்டை உயர்ந்த கட்டையில் பாட வேண்டுமானால் கம்பியை முறுக்காமல், கழுத்தில் 'கேப்போ' என்னும் இடுக்கியை மாட்டிக்கொள்வதே முறை. எங்கள் கிதாரில் சுருதி சரியாகவே இருந்தது.

பட்டு இழையின் சாட்சி

எஞ்சியது பாலம் ஒன்றே. மின் கிதாரின் பாலத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியே ஓர் உலோகத் துண்டு உண்டு. அதற்குச் 'சேடில்' என்று பெயர். முதற்கம்பியின் சேடிலை உற்றுப் பார்த்தோம். பளபளவென்று ஒரு குறையுமில்லாமல் இருந்தது. விரலால் தடவினோம். ஒன்றும் தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அப்போது தறி வீட்டுத் தோழி, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்காத பட்டு இழை ஒன்றை எடுத்தாள். பட்டுப்புழு விடும் நூலிழை ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் மெல்லியது. அத்தகைய நூலிழைகள் சில சேர்ந்ததே அவள் கொண்டுவந்த இழை. கம்பியைக் கழற்றிவிட்டு, சேடிலின் பள்ளத்தின் வழியே அந்த இழையை மெல்ல இழுத்தாள். இரண்டாம் கம்பியின் சேடிலில் இழை வழுக்கிக்கொண்டு போயிற்று. மூன்றாவதிலும் அப்படியே. முதற்கம்பியின் சேடிலில் பாதி வழியில் நின்றது. சற்று இழுத்தாள். இழை பஞ்சு போலப் பிரிந்து, ஒரு புள்ளியில் சிக்கிக்கொண்டு நின்றது. எல்லோரும் குனிந்து பார்த்தோம். அங்கே ஊசி முனையினும் சிறிய பிசிறு ஒன்று இருந்தது.

பல ஆண்டுகள் எஃகுக் கம்பி அழுத்தி அழுத்தி, சேடிலின் உலோகம் தேய்ந்து, ஒரு கூரிய விளிம்பு எழுந்திருக்கிறது. கம்பி பாலத்தைத் தாண்டிக் கீழே மடங்கும் இடமும் அதுதான். மீட்டும்போதெல்லாம் கம்பி அவ்விடத்தில் சிறிது வளைந்து நிமிர்கிறது. ஆணியை முறுக்கும்போது அவ்விளிம்பில் உராய்கிறது. பிசிறு கம்பியில் மிகச் சிறிய கீறலை உண்டாக்குகிறது. கீறிய இடத்தில் இழுவிசை முழுதும் குவிகிறது. கீறல் நாள்தோறும் ஆழமாகி, ஒருநாள் கம்பி அறுகிறது. தகரத் துண்டை ஒரே இடத்தில் பலமுறை மடக்கி நிமிர்த்தினால் ஒடிவதைப் போன்றதே இது. முரட்டுத்தனமாக மீட்டினால் இந்த ஒடிவு சற்று விரைவுபடும் என்பது உண்மையே. ஆனால் விளிம்பு வழுவழுப்பாக இருக்குமிடத்தில், கை வேகத்தால் மட்டும் கம்பி வாரத்திற்கு ஒன்றாக அறுவதில்லை.

எப்படிச் சரிசெய்தோம்?

முதலில் பிக்கப்பைக் காகிதத்தாலும் ஒட்டுநாடாவாலும் மூடினோம். அது காந்தமாதலால், இரும்புத் துகள் பட்டால் ஒட்டிக்கொள்ளும். பிறகு எடுப்பது கடினம். அடுத்து, 600 எண்ணுள்ள மெல்லிய உப்புத்தாளை நூல்போல் மடித்து, சேடிலின் பள்ளத்தில், கம்பி செல்லும் திசையிலேயே மெதுவாக இழுத்தோம். பள்ளத்தை ஆழமாக்குவது நம் நோக்கமன்று. விளிம்பின் கூர்மையைப் போக்குவதே நோக்கம். ஆகவே பத்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்திப் பட்டு இழையால் சோதித்தோம். பின்பு 1000 எண் தாளால் மெருகேற்றினோம். உப்புத்தாள் நுழையாத குறுகிய பள்ளமாக இருந்தால், பழைய ஆறாம் கம்பியின் துண்டு ஒன்றை அதில் வைத்து முன்னும் பின்னும் இழுக்கலாம். அக்கம்பியின் மேல் சுற்றியுள்ள கம்பிச் சுற்றுகள் மெல்லிய அரம் போல வேலை செய்யும்.

மூன்றாம் முறை சோதித்தபோது பட்டு இழை தடையின்றி வழுக்கிச் சென்றது. துகள்களைத் துடைத்துவிட்டு, பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்தோம். பென்சிலின் கரி கம்பி வழுக்குவதற்கு நல்ல மசகு. பிறகு பழையபடி 10 கேஜ் கம்பியையே மாட்டினோம். இவ்வேலைக்கு ஆன செலவு இரண்டு உப்புத்தாள்கள் மட்டுமே.

வேறிடத்தில் அறுந்தால்?

கிதார், மாண்டலின், வீணை இவற்றை வைத்திருக்கும் வீடுகளுக்குப் பயன்படும் என்று, நாங்கள் தெரிந்துகொண்ட மற்றவற்றையும் சுருக்கமாகக் கூறுகிறோம். எப்போதும் முதற்கேள்வி, 'எங்கே அறுந்தது?' என்பதே.

முறுக்காணியின் அருகில் அறுந்தால், ஆணியின் துளை விளிம்பு கூராக இருக்கலாம். அல்லது கம்பியைக் கட்டும்போது மடிப்பு விழுந்திருக்கலாம். கம்பியை முறுக்கேறாமல் நேராகக் கொண்டு சென்று, மேலே ஏறாமல் கீழ்நோக்கி இரண்டு மூன்று சுற்று சுற்றினால் போதும்.

கழுத்தின் மேல்முனையில், 'நட்' என்னும் சிறு கட்டையில் அறுந்தால், அங்குள்ள பள்ளம் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது என்று பொருள். சுருதி கூட்டும்போது 'டிக்' என்று ஓர் ஒலி கேட்டு, சுருதி திடீரென்று தாவும். அங்கும் பென்சில் கரி உதவும். ஆனால் அந்தப் பள்ளத்தை நாமே அரத்தால் அராவக் கூடாது. சிறிது ஆழம் கூடினாலும் கம்பி மெட்டுகளில் இடித்து இரையும். அதைத் தேர்ந்தவரிடமே விட வேண்டும்.

மணியின் அருகில் முறுக்கு அவிழ்ந்து கழன்றால், அது பெரும்பாலும் கம்பியின் குறையே. கம்பியின் நடுவில் அறுந்தால் துருவையோ, தேய்ந்த மெட்டையோ பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் விரல் வியர்வையின் உப்பு எஃகை விரைவில் அரிக்கிறது. வாசித்தபின் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்தால் அதன் ஆயுள் நீளும். துரு ஏறிய கம்பி அறும்வரை காத்திராமல் மாற்றிவிடுவதே சிக்கனம்.

நம் இசையில் கமகத்திற்காகக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும் வழக்கம் உண்டு. ஒரு முழுச்சுரம் உயரும்படி இழுத்தால், அந்தக் கணத்தில் இழுவிசை ஏறத்தாழ 26 விழுக்காடு கூடுகிறது. மின் மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்துப் புகழ்பெற்ற யு. ஸ்ரீநிவாஸ் அவர்கள் (1969–2014), இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பிகள் உடைய அக்கருவியை ஐந்து ஒற்றைக் கம்பிகள் உடையதாக மாற்றி அமைத்துக்கொண்டார். கருவியை இசைக்கேற்பப் பழக்குவதும் கலைஞரின் வேலையே.

இன்னும் ஓர் எச்சரிக்கை. புதுக்கம்பியை முறுக்கும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. அறுந்த முனை சவுக்குப் போலப் பாய்ந்து கண்ணில் படக்கூடும். வெட்டிய துண்டுகளைத் தரையில் போடாமல் ஒரு தகர டப்பாவில் சேர்க்க வேண்டும். கோவிலில் நாம் செருப்பின்றி நடக்கிறோம். சிறுபிள்ளைகள் தரையில் அமர்கிறார்கள்.

முடிவாக...

நவம்பர் 22ஆம் நாள் புனித செசிலியாவின் திருநாள் திருப்பலியில் எங்கள் தோழியே கிதார் வாசித்தாள். கிறிஸ்து பிறப்பு விழா வந்தது. தவக்காலம் முடிந்து உயிர்ப்புப் பெருவிழாவும் வந்து போயிற்று. அந்த முதற்கம்பி அறவில்லை. துரு ஏறியபின் நாங்களே கழற்றி மாற்றினோம்.

கட்டுரையின் தொடக்கத்தில், வேறொன்றையும் கற்றுக்கொண்டோம் என்று கூறினோம் அல்லவா? திருநாளுக்கு முந்தைய பயிற்சியின்போது, பாடற்குழுவினர் அனைவர் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். எங்களைப் பயிற்றுவிக்கும் சகோதரி, "மூன்று வாரம் ஒரு பெண் பேசாமல் இருந்திருக்கிறாள். உங்களில் ஒருத்திகூட அவளிடம் போய், என்னதான் நடந்தது என்று கேட்கவில்லையே" என்று மட்டும் சொன்னார். அவர் கடிந்து பேசியிருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு உறைத்திருக்காது. தோழியோ, "சிஸ்டர், நேரமாகிறது, பாடத் தொடங்கலாமா?" என்று கேட்டுவிட்டுச் சுருதி கூட்டத் தொடங்கினாள்.

அறுந்த கம்பியின் நான்கு துண்டுகளும் இன்று பாடற்குழு அறையின் அலமாரியில், ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டி வைக்கப்பட்டுள்ளன. அடுத்த ஆண்டு எங்களுக்குப் பின் பாடற்குழுவிற்கு வரும் தங்கைகள் அதைப் பார்த்து, "இது என்ன, அக்கா?" என்று கேட்பார்கள். அப்போது இக்கதையைச் சொல்ல யாராவது இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினோம்.